வன்னி வெயிலில் குஞ்சு வளர்ப்பு: பகலுக்கு நிழல், இரவுக்கு பல்ப்

கோழிக்குஞ்சு வளர்ப்பு பற்றி எந்தக் கைநூலைத் திறந்தாலும் ஓர் அட்டவணை இருக்கும்: முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு போகவேண்டும். அட்டவணையில் பிழையில்லை. அதை அப்படியே நம்பி, சித்திரை மாதத்தில் கிளிநொச்சியில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் 100 வோட் பல்ப்பை இரவு பகலாக எரியவிடுவதுதான் பிழை. இங்கே வெயில் காலத்தில் மத்தியானம் நிழலிலேயே 34, 35 பாகைக்குப் போய்விடுகிறது. தகரத்துக்குக் கீழே அதைவிட இன்னும் கூடும். குஞ்சுக்கு வேண்டிய சூட்டைப் பகலில் வன்னி சும்மா கொடுக்கிறது. நாங்கள் பகலில் அந்தச் சூட்டைக் குறைக்கவேண்டும், இரவில், அதுவும் விடியப்புறத்தில், கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும். இந்த ஊரில் வெயில் காலக் குஞ்சு வளர்ப்பு என்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதைச் செய்யும் வழிகள்.

முதன்முறையாக 20, 25 குஞ்சு வாங்கி வீட்டு வளவில் வளர்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்நூறு, ஆயிரம் போடுகிறவர்களின் கணக்கு வேறு.

வெயிலில் ஏன் இந்தக் கரைச்சல், மாரியில் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். மாரியில் குளிரும் ஈரமும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி காயாது, கொட்டிலுக்குள் வெள்ளம் வந்தால் குஞ்சை வைக்க இடமும் இராது. ஆனி, ஆடியில் வாங்கிய குஞ்சு மழை தொடங்குமுன் இறகு மூடி, கூட்டில் படுக்கப் பழகிவிடும். காலபோக அறுவடை முடிந்திருப்பதால் மில்லுகளில் உமிக்கும் பஞ்சமிராது. வெயிலை நிழலும் தண்ணீரும் கொண்டு சமாளிக்கலாம். ஈரத்தைச் சமாளிப்பது அதைவிடக் கடினம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஊர்க்கோழி ஒன்று அடையில் கிடந்தால் அது அணைக்கும் குஞ்சுகளுக்கு பல்ப்பே தேவையில்லை. இரவு இருட்டியபின் அடைமுட்டைகளை எடுத்துவிட்டு, ஒருநாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் செட்டைக்குக் கீழே விட்டால், விடியும்போது பெரும்பாலும் தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும். ஒரு பேடு பத்து, பன்னிரண்டு குஞ்சை அணைக்கும். குஞ்சுக்கு நாலைந்து நாள் ஆகிவிட்டால் இது சரிவராது, குஞ்சும் பழகாது, கோழியும் கொத்தும். விடிந்ததும் சற்று நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். கொத்துகிற கோழியாக இருந்தால் உடனே பிரித்துவிடவேண்டும்.

அடைக்கோழி இல்லாதவர்கள் மேலே வாசியுங்கள்.

இடம்

குஞ்சு வருவதற்கு இரண்டு நாளுக்கு முன்பே இடத்தைத் தீர்மானிக்கவேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். உங்களுக்கு அங்கே இருக்க முடியவில்லையென்றால் குஞ்சுக்கும் முடியாது. குஞ்சுக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும்.

வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ உள்ள விறாந்தை நல்ல இடம். மேற்குப் பக்கம் வேண்டாம், பின்னேர வெயில் நேராக உள்ளே விழும். ஓட்டு வீடு என்றால் கவலை குறைவு. தகரம் அல்லது சீற் போட்ட வீடு என்றால் புரூடர், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் அடைப்பு, வைக்கும் பகுதிக்கு மேலே கூரையில் கிடுகோ பனையோலையோ பரப்புங்கள். காற்றுக்குப் பறக்காமல் மேலே கயிறு இழுத்துக் கட்டவேண்டும், சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் கட்டாத கிடுகு பக்கத்து வளவில்தான் கிடக்கும். கிடுகு கிடைக்காவிட்டால் தகரத்தின் மேல்பக்கத்துக்குத் தடிப்பாகச் சுண்ணாம்பு அடித்தாலும் வெப்பம் குறையும். குசினிக்குள் வைக்கவேண்டாம், அடுப்புப் புகை குஞ்சின் மூச்சைக் கெடுக்கும்.

அடைப்பு

காட்போட் பெட்டியில் குஞ்சு வளர்ப்பது குளிர் நாட்டுப் பழக்கம். இங்கே அந்தப் பெட்டிக்குள் காற்று நின்றுபோகும். 25 குஞ்சுக்கு நான்கு அடி விட்டத்தில் ஒரு வட்ட அடைப்புப் போதும். மூலை இருக்கக் கூடாது. பயந்தாலும் குளிர்ந்தாலும் குஞ்சுகள் மூலைக்குள் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் கிடப்பது நசிந்து சாகும். நெளிவுத் தகரம், பழைய பாய், மட்டை என்று வளைக்கக்கூடிய எதையும் பாவிக்கலாம். உயரம் ஓர் அடி இருந்தால் காணும். கைநூல்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி என்று சொல்வது குளிர்காற்றைத் தடுப்பதற்கு. வெயில் காலத்தில் அவ்வளவு உயரம் காற்றையே தடுத்துவிடும்.

ஓர் அடிச் சுவருக்கு மேலே காகமும் பூனையும் வராமல் வலை வேண்டும். சந்தையில் சாதாரணமாக விற்கும் ஓர் அங்குலக் கண் வலை காகத்துக்குக் காணும், பாம்புக்குக் காணாது. குட்டிச் சாரைப்பாம்பும் எலியும் அதற்குள்ளால் வந்துபோகும். அரை அங்குலக் கண் கம்பி வலை விலை கூடத்தான், ஆனாலும் ஒருமுறை வாங்கினால் பல வருடம் இருக்கும். வலையின் விளிம்பை நிலத்தோடு இடைவெளி இல்லாமல் அழுத்தி, கல் வைத்து மறியுங்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் திரிகிற இடங்களில், காட்டோரக் குடியிருப்புகளில், இரவில் அடைப்பை வீட்டுக்குள் எடுப்பதுதான் பாதுகாப்பு. அப்படி எடுக்க நினைப்பவர்கள் நிலத்தில் அல்லாமல் ஒரு பலகைத் தட்டில் அடைப்பைச் செய்யலாம்.

நிலத்தில் இரண்டு அங்குலத்துக்கு உமி. மில்லில் அள்ளி வந்ததை வெயிலில் ஒருநாள் காயப்போட்டு, அள்ளி நிழலில் ஆறவிட்ட பிறகுதான் பரப்பவேண்டும். வெயிலில் காய்ந்த உமி தொட்டால் சுடும், அதை அப்படியே கொட்டினால் அடியில் சூடு கிடக்கும். பூஞ்சண மணம் வந்தால் அந்த உமி வேண்டாம். மரத்தூளை முதல் வாரத்தில் தவிருங்கள், தீன் என்று நினைத்துக் கொத்தித் தின்னும். முதல் மூன்று நாளுக்கு உமியின் மேல் பழைய சணல் சாக்கை விரித்து அதிலேயே கொஞ்சம் தீனைத் தூவிவிடுங்கள். கடதாசிப் பேப்பர் விரிக்கிறவர்களும் உண்டு. வழுக்கும் பேப்பரில் நடந்தால் சில குஞ்சுகளின் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோய்ப் பிறகு நேராகாது. சாக்குத்தான் நல்லது.

பல்ப்

25 குஞ்சுக்கு 60 வோட் பழைய குண்டு பல்ப் ஒன்று போதும். எல்இடி பல்ப் வெளிச்சம் தரும், குஞ்சை அணைக்கும் அளவுக்குச் சூடு தராது. கடையில் பேசாமல் இருந்தால் எல்இடியைத்தான் எடுத்துத் தருவார்கள், ஆகவே தொட்டால் சுடுகிற மஞ்சள் பல்ப் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், அடைப்பின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். இதுதான் வெயில் கால புரூடருக்கு முக்கியம். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்மை இருந்தால் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிந்தெடுக்கும். நடுவில் தொங்கினால் ஓடித் தப்ப இடமில்லை. மின்வயரை நம்பித் தொங்கவிடக்கூடாது. கம்பியோ சங்கிலியோ கொண்டு தனியாகக் கட்டி, பல்ப்பைச் சுற்றி ஒரு கம்பிக்கூடும் போடவேண்டும். காய்ந்த உமியில் சூடான பல்ப் விழுந்தால் குஞ்சோடு விறாந்தையும் எரியும்.

கரண்ட் போவதையும் யோசித்து வையுங்கள். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததாகச் சொல்லி முழு இலங்கையுமே இருண்டது. இரவில் கரண்ட் போனால் இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய சாரத் துணியால் சுற்றி அடைப்புக்குள் வைத்தால் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்குச் சமாளிக்கலாம். மண்சட்டியில் சிரட்டைக்கரித் தணல் போட்டும் சூடு கொடுப்பார்கள். அதற்குக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். பூட்டிய அறைக்குள் தணல் வைத்தால் அதிலிருந்து வரும் நச்சுவாயு குஞ்சை மட்டுமல்ல, அந்த அறையில் படுத்திருக்கும் ஆக்களையும் கொன்றுவிடும்.

குஞ்சு வாங்கி வருதல்

கொப்பூழ் மூடி உலர்ந்திருக்கவேண்டும், கண் பிரகாசமாக, கால் பளபளப்பாக, பின்பக்கம் சுத்தமாக இருக்கவேண்டும். மல்லாக்க வைத்தால் உடனே துள்ளி எழும்பவேண்டும். மரெக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி பொரிப்பகத்திலேயே முதல்நாள் போடுவது, போட்டார்களா என்று கேட்டு வையுங்கள்.

பயணந்தான் பெரிய சோதனை. முட்டைக்குள் இருந்தபோது உள்ளே இழுத்த மஞ்சட்கரு வயிற்றில் இருப்பதால் ஒருநாள் குஞ்சு இரண்டு நாளளவில் தீன், தண்ணீர் இல்லாமலும் தாங்கும். ஆனால் வெயில் அந்தக் கையிருப்பை வேகமாகக் கரைத்துவிடும். விடிய வெளிக்கிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துசேரக்கூடிய மாதிரி ஒழுங்கு செய்யுங்கள். வவுனியாவில் வாங்கி ஏ9 வீதியால் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் பெட்டியை இன்ஜினுக்குப் பக்கத்திலோ பின்னால் சாமான் அறையிலோ வைக்கவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பெட்டியின் காற்றுத் துளைகளை பொலித்தீனால் மூடாதீர்கள். வழியில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கும்போது பெட்டியை வெயிலில் நிற்கும் சைக்கிளிலேயே விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

வந்த முதல் மணித்தியாலம்

முதலில் தண்ணீர், பிறகு தீன். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுவிடுங்கள், மூக்குத் துளை மூழ்கக் கூடாது. ஒன்று இரண்டு பழகிவிட்டால் மற்றவை பார்த்துப் பழகும். களைத்து வந்த குஞ்சுக்கு முதல் சில மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் சீனி வேண்டாம், வயிற்றோட்டம் வரும், எறும்பும் வரும். வயிற்றோட்டத்துக்கு மனிதர் குடிக்கும் ஜீவனியைக் கரைத்துக் கொடுக்கிற ஆக்களும் இருக்கிறார்கள். மனிதருக்குக் கரைக்கும் அளவில் கரைத்தால் அதிலுள்ள உப்பு குஞ்சுக்குக் கூடிவிடும். கால்நடை மருந்துக் கடையில் கோழிக்கென்றே விற்கும் எலெக்ட்ரோலைற் பொடியை வாங்கி, பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுப்படி கொடுப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் குடித்து ஓரிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு சாக்கின்மேல் தீனைத் தூவுங்கள். அன்று பொழுதுபட நாலைந்து குஞ்சைப் பிடித்து கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிரம்பி மெத்தென்று இருந்தால் தின்றிருக்கிறது. வெறுமையாக இருந்தால் அந்தக் குஞ்சைத் தீனுக்குப் பக்கத்தில் விட்டு, நிலத்தில் விரலால் தட்டிக் காட்டுங்கள். தாய்க்கோழி அலகால் கொத்திக் காட்டும் வேலையைத்தான் உங்கள் விரல் செய்கிறது.

பகலும் இரவும்

முதல் வாரத்தில் வன்னி வெயிலுக்கு ஏற்ற ஒழுங்கு ஏறத்தாழ இப்படி இருக்கும். பின்னேரம் ஆறு, ஏழு மணிபோல் பல்ப்பைப் போட்டு, காலை எட்டு, ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள். பகல் முழுக்க பல்ப் இல்லை. மப்பும் மழையுமாக இருக்கும் நாளில் மட்டும் பகலிலும் தேவைப்படலாம். சித்திரையில் பின்னேர இடிமழை பெய்தவுடன் காற்று சட்டென்று குளிரும், அப்போதும் போடவேண்டும். இரண்டாம் வாரம் நடுஇரவிலிருந்து விடியும்வரை போட்டால் பெரும்பாலும் போதும். மூன்றாம் வாரத்தில் செட்டை இறகு முளைத்திருக்கும், விடியப்புறத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பல்ப்பைக் கழற்றிவிடலாம். சூட்டுக்கு பல்ப் இல்லாத இரவுகளிலும் ஒரு சின்ன எல்இடி லைற் எரியட்டும். வெளிச்சம் இருந்தால் இரவுக் குளிர்மையில் எழும்பித் தின்னும், இருட்டில் பயந்து குவியாது.

இந்த மணிக்கணக்கு எல்லாம் ஒரு தொடக்கத்துக்குத்தான். உங்கள் விறாந்தையும் கூரையும் வேறு. ஒரு வெப்பமானி வாங்கி, குஞ்சின் முதுகு உயரத்தில் கட்டினால் உதவி. இல்லாவிட்டாலும் குஞ்சே எல்லாவற்றையும் சொல்லும். பல்ப்புக்குக் கீழே குவிந்து, கீச்சுக் கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர்கிறது. பல்ப்பை விட்டு விலகி அடைப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, செட்டையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. இந்த நேரத்தில் சத்தம் இராது, ஆனபடியால் கவனியாமல் விடுவது சுலபம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று நேரே அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் தின்றும் திரிந்தும் இருந்தால், வெப்பமானி என்ன காட்டினாலும் சரி, ஒன்றையும் மாற்றாதீர்கள்.

பார்க்கும் நேரமும் முக்கியம். மத்தியானம் இரண்டு மணியும் விடியப்புறம் நாலு மணியும் இரண்டு அந்தங்கள். முதல் வாரத்தில் இந்த இரண்டு நேரத்திலும் ரோச் லைற்றோடும் இல்லாமலும் போய்ப் பாருங்கள்.

மத்தியானச் சூட்டைக் குறைக்க

நனைத்த சாக்கைக் காற்று வரும் பக்கத்தில் தொங்கவிடுவது பழைய உத்தி. வைகாசி முதல் புரட்டாசி வரை வறண்ட சோளகம் வீசும் நாட்களில் இது நன்றாகவே வேலை செய்யும், ஈரம் காயும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் சாக்கு காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் பங்குனி, சித்திரையில் காற்றே அசையாமல் புழுக்கமாக இருக்கும் நாட்களில் இதனால் பெரிய பயனில்லை, ஈரப்பதன்தான் கூடும். அந்த நாட்களுக்கு மின்விசிறிதான் வழி. விசிறியைக் குஞ்சின்மேல் நேரே திருப்பவேண்டாம். அடைப்புக்கு மேலாகக் காற்றுப் போகிற மாதிரி சற்று உயர்த்தி வையுங்கள். தண்ணீர்ப் போத்தலைப் பிரிஜ்ஜில் உறையவைத்து, துணி சுற்றி, பல்ப் இல்லாத குளிர்ப் பக்கத்தில் வைப்பதும் நல்லது. விரும்பிய குஞ்சு போய்ச் சாய்ந்து படுக்கும். உமியை மட்டும் நனைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குஞ்சு துவண்டு கிடந்தால், நிழலான காற்றோட்டமான இடத்துக்குத் தனியே எடுத்து, கால்களைச் சாதாரண கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, அலகு நுனியில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் தொட்டுவையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். முதலாவது அதிர்ச்சியில் கொல்லும், இரண்டாவது மூச்சுக் குழாய்க்குள் போகும்.

தண்ணீர்

வெயில் காலத்தில் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் சூடான தண்ணீர். தண்ணீர் இருக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டிருப்போம். தாங்கியிலிருந்து கறுத்தப் பைப்பால் வருகிற தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாமல் சுடும். அதைக் குஞ்சு குடிக்காது. காலையில் கிணற்றிலிருந்து அள்ளி மண்பானையில் ஊற்றி நிழலில் வைத்துவிட்டு, பகலில் அதிலிருந்து எடுத்து மாற்றுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. 25 குஞ்சுக்கு ஒரு லீற்றர்க் குடுவை இரண்டு வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். குடுவை இல்லாவிட்டால் ஆழமில்லாத மண் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் விடுங்கள். கல் இல்லாத தட்டுக்குள் குஞ்சு விழுந்து நனையும், சிலவேளை மூழ்கும்.

வன்னியில் பல கிணறுகளில் கல்சியம் கூடிய வன்தண்ணீர், மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் உவர். வன்தண்ணீர் குஞ்சைக் கொல்லாது, ஆனால் குடுவையின் விளிம்பில் வெள்ளையாகப் படியும், அந்தப் படிவில் அழுக்குத் தங்கும். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கழுவினால் போகும். உவர்த் தண்ணீரைக் குஞ்சுக்குக் கொடுக்கவேண்டாம். நீங்கள் குடிக்க எடுக்கும் தண்ணீரையே அதற்கும் கொடுங்கள்.

தீன்

குஞ்சுத் தீன், அதாவது கடையில் ஸ்டார்ட்டர் என்று கேட்டால் தருவது. புரதம் ஏறத்தாழ 20 வீதம் இருக்கும். வீட்டில் இருக்கிறது என்று முட்டைக்கோழித் தீனைப் போடாதீர்கள். அதில் முட்டை ஓட்டுக்கென்று சேர்த்த கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு முட்டைக்கோழிக் குஞ்சு முதல் எட்டு வாரத்தில் சுமார் 2 கிலோ தின்னும், ஆகவே 25 குஞ்சுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று கணக்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி வெயில் படும் கொட்டிலில் வைத்தால் விற்றமின் கெட்டுப்போகும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு, மூன்று தடவையாக வாங்குங்கள். கட்டிபிடித்த தீனை உடைத்துப் போடுவதைவிட எறிவதே லாபம்.

முதல் வாரம் எந்நேரமும் தீன் முன்னால் இருக்கவேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து கடும் வெயில் நாட்களில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை தீனை எடுத்துவிடலாம். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும், அந்த நேரத்தில் அது வேண்டாம். அதற்கு ஈடாக விடியக் காலையிலும் இரவிலும் தாராளமாகப் போடுங்கள்.

கறையான் புற்றை வெட்டிக்கொண்டு வந்து குஞ்சுக்குத் தட்டிப் போடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம். நல்ல புரதம், குஞ்சும் போட்டிபோட்டுத் தின்னும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, கொஞ்சமாகப் போடுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலோரப் புற்று வேண்டாம். குறுணல் அரிசி மட்டும் போட்டு வளர்த்தால் குஞ்சு உயிரோடிருக்கும், வளராது.

எச்சமும் எறும்பும்

வெயிலில் வாடிய குஞ்சுகளுக்கு எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து துவாரத்தை அடைக்கும். தினமும் ஒருதடவை பாருங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து மெல்லத் துடைக்கவேண்டும், பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். தேங்காயெண்ணெய் கொஞ்சம் பூசிவிடலாம்.

தண்ணீர்க் குடுவையைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்று அள்ளி எறியுங்கள். குடுவையை ஓர் ஓட்டுத் துண்டின்மேல் வைத்தால் நனைவதே குறையும். சூடும் ஈரமும் சேர்ந்த உமியில்தான் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் குஞ்சு குறாவிக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள். அம்புரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தப்பும்.

எறும்பை லேசாக எண்ணாதீர்கள். வறண்ட காலத்தில் தண்ணீருக்கும் தீனுக்கும் சாரிசாரியாக வரும், இரவில் களைத்த குஞ்சின் கண்ணையும் கொப்பூழையும் கடித்தே கொன்றுவிடும். பலகைத் தட்டில் வளர்ப்பவர்கள் கால்களைத் தண்ணீர் நிரப்பிய பழைய பால்மாப் பேணிகளுக்குள் வைக்கலாம். நிலத்தில் என்றால் அடைப்புக்கு வெளியே சுற்றிவர, குஞ்சுக்கு எட்டாதபடி, கழிவு ஓயிலில் நனைத்த துணியைப் போடுங்கள். எறும்புப் பவுடர் வேண்டாம். செத்த குஞ்சை உடனே எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.

தடுப்பு மருந்து

வளவுக் கோழிகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது இராணிக்கெட் என்கிற நியூகாசில் நோய். அதற்கும் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கும் முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கவேண்டும், கோழி அம்மைக்குச் சற்றுப் பிந்தி. உங்கள் பிரதேச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் குஞ்சு வாங்குவதற்கு முன்பே போய்த் திகதி கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு குப்பி மருந்து உங்கள் 25 குஞ்சுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கும். கரைத்தபின் ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும், வைத்து நாளைக்குப் பாவிக்க முடியாது. அயலில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் காசும் மிச்சம், மருந்தும் வீணாகாது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். சூடுபட்ட மருந்து வெறும் தண்ணீர்.

வெளியே விடுதல்

நாலாம் வாரம் முடிய, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வளவில் விடத் தொடங்கலாம். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு கூட்டிக்கொண்டு போகலாம். முருங்கையோ வேம்போ நிழல் தரும் இடத்தில் வலை அடித்து விட்டால் பருந்துக்கும் செண்பகத்துக்கும் பயமில்லை. ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து கொட்டுங்கள், அதில் புரண்டு செள்ளைத் தானே உதறும். பெரிய கோழிகளோடு உடனே கலக்கவேண்டாம், இரண்டு மாதம் போகட்டும்.

அடைப்பு காலியானதும் உமி முழுவதையும் அள்ளி மிளகாய்க் கன்றுக்கோ வாழைக்கோ போடலாம். அதற்கு முன் குறைந்தது ஒரு மாதம் குவித்து மக்கவிடவேண்டும், பச்சையாகப் போட்டால் வேர் கருகும். தகரத்தையும் குடுவைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, நிலத்துக்குச் சுண்ணாம்பு தூவி, இரண்டு வாரமாவது சும்மா கிடக்கவிட்ட பிறகுதான் அடுத்த தொகுதிக்குச் சொல்லவேண்டும்.